பாலஸ்தீனத்தின் சார்பாக முஜிபுர் ரஹ்மான்

பாலக்கரையில் பேக் கடை வைத்திருக்கும் முஜிபுர் ரஹ்மான், ஒரு புதன்கிழமை மாலை டீ குடித்துக்கொண்டிருக்கும்போது பாலஸ்தீனமாக நியமிக்கப்பட்டார். நியமித்தது ஐ.நா. சபை அல்ல. திருச்சி உலக சமாதானச் சாதனையாளர் பேரவை.

இப்படி ஒரு பேரவை இருப்பது உலகத்துக்குத் தெரியாது. திருச்சிக்குத் தெரியும். வருடத்துக்கு இரண்டு தடவை ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் கூடும். சமாதானத்துக்குப் பாடுபட்டவர்களைத் தேடிப் பிடித்துப் பொன்னாடை போர்த்தும். யாரும் அகப்படாத வருடங்களில் உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் போர்த்திக்கொள்வார்கள். தலைவர் டாக்டர் முருகானந்தம், துவாக்குடி பக்கம் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு உரத்தொட்டி செய்யும் தொழிற்சாலைக்காரர். டாக்டர் பட்டம் பேரவையே கொடுத்தது. செயலாளர் ஸ்ரீரங்கம் சௌம்யநாராயணன், வங்கியில் ஓய்வு பெற்றவர். மைக்கிலிருந்து மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

இந்த வருடம் பேரவைக்கு நிஜமான சமாதானமே கிடைத்துவிட்டது. வளைகுடாவில் ஒரு பணக்கார நாட்டு முதலீட்டு நிறுவனம், இஸ்ரேலில் ஒரு சொட்டுநீர்க் குழாய் நிறுவனம். இரண்டு நாடுகளும் கையெழுத்துப் போட்டு நட்பாகி, விமானமெல்லாம் விட்டுக்கொண்ட பிறகு, இரண்டும் கூட்டாகத் தொழில் செய்கின்றன. காவிரிக் கரை வாழைத் தோட்டங்களுக்குக் குழாய் போடுவதற்காக முருகானந்தத்தின் தொட்டியோடு ஓர் ஒப்பந்தம். இரண்டு பக்கத்திலிருந்தும் ஆளுக்கோர் அதிகாரி திருச்சிக்கு வந்து ஒரே ஹோட்டலில் தங்கினார்கள்.

"ரெண்டு பக்கமும் நம்ம மேடையில!" என்று முருகானந்தத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. "நோபல் கமிட்டி பண்ற வேலைய நாம பண்றோம் சாமி!"

அழைப்பிதழில் 'முத்தரப்புச் சமாதான முக்கூடல் விழா' என்று போட்டார்கள். முத்தரப்பு என்றால் வளைகுடா, இஸ்ரேல், முருகானந்தம். ஒரு நிருபர் போன் செய்து, "மூணாவது தரப்பு பாலஸ்தீனமா சார்?" என்று கேட்டார். நிருபர்களிடம் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத முருகானந்தம், "பின்ன? அவங்க இல்லாமலா?" என்று சொல்லிவிட்டார். மறுநாள் பேப்பரில் வந்துவிட்டது. விழாவுக்கு ஒரு நாள்தான் இருந்தது.

கைபிசைந்து நின்ற தலைவருக்கு வழி சொன்னவர் சௌம்யநாராயணன்தான். "இதுக்கு ஏன் கலங்கறேள்? வரமுடியாதவாளுக்குப் பதிலா இன்னொருத்தர் மேடையில ஏறிப் பொன்னாடை வாங்கிக்கறது நம்ம சம்பிரதாயம்தானே? போன வருஷம் ஜட்ஜ் வரலே. அவர் சார்பா அவரோட டிரைவர் வாங்கிண்டார். படம் திவ்யமா வந்துது."

இப்படித்தான் இரண்டு பேரும் ரஹ்மான் பேக் மார்ட் வாசலில் காரை நிறுத்தினார்கள்.

கடையில் சூட்கேஸ் விற்பதோடு இன்னொரு வேலையும் முஜிபுர் செய்துகொடுப்பார். வெளிநாடு போகிறவர்கள் கொண்டுபோகும் அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, மார்க்கர் பேனாவால் நான்கு பக்கமும் பெயரும் ஊரும் எழுதித் தருவார். பத்தொன்பது வருடம் அதே வளைகுடா நாட்டில் ஒரு கேட்டரிங் கம்பெனியில் வேன் ஓட்டியவர். விமான நிலையத்தில் பெட்டி தொலைத்தவர்களின் முகத்தை நிறையப் பார்த்தவர். அதனால் அவர் எழுதும் எழுத்து ஒவ்வொன்றும் எலுமிச்சங்காய் அளவு இருக்கும்.

"பாய், உங்களுக்கு அரபி தெரியுமாமே?" என்றார் முருகானந்தம்.

"வேன் ஓட்டுற அளவுக்குத் தெரியும் சார். 'சாப்பாடு இறக்கு, கதவ மூடு, பில்லு குடு.' சமையக்கட்டு அரபி."

"அது போதும். நாளைக்கு நீங்கதான் பாலஸ்தீனம்."

"நான் பாலக்கரை சார்."

"சார்பா, பாய், சார்பா! மேடையில உக்காரணும், பொன்னாடை வாங்கிக்கணும், 'இந்தச் சமாதானத்த மனப்பூர்வமா ஏத்துக்கிறோம்'னு அரபியில ஒரு வார்த்த. முடிஞ்சுபோச்சு. மத்தியானம் பிரியாணி."

முஜிபுர் மறுத்திருப்பார். பொன்னாடை, மேடை எல்லாம் அவருக்கு வேர்த்துக் கொட்டும் சமாசாரம். ஆனால் அவருக்கு யூசுப் ஞாபகம் வந்துவிட்டது.

யூசுப், காஸாவில் கான் யூனிஸ்காரர். கேட்டரிங் கம்பெனியில் சமையலறை மேற்பார்வை. முஜிபுரின் அத்தா இறந்தபோது லீவு கொடுக்க மாட்டேன் என்று மேனேஜர் பிடிவாதம் பிடிக்க, "இவன் வேனை நான் ஓட்டுறேன், இவன் போயிட்டு வரட்டும்" என்று சொல்லி, தன் வேலையும் இவர் வேலையும் சேர்த்துப் பார்த்தவர். அதற்காக ஒரு நன்றி வாங்கிக்கொள்ளவில்லை. உம்மாவுக்கு முடியவில்லை என்று ஊருக்குப் போனவர், எல்லை மூடி, விசா முடிந்து, அங்கேயே தங்கிவிட்டார். அதன் பிறகு வாட்ஸ்அப்தான். போனுக்கு யூசுப் பாஸ்வேர்ட் வைப்பதில்லை. கேட்டால், "நான் தொலஞ்சா எடுக்கிறவன் வீட்டுக்குச் சொல்லணும்ல?" என்பார்.

அந்த வளைகுடா நாடு இஸ்ரேலோடு கைகுலுக்கிய வருடம், கொண்டாட்ட விருந்துக்குச் சாப்பாடு ஏற்றிப் போனது முஜிபுரின் வேன்தான். அன்று யூசுப்பிடமிருந்து குரல் செய்தி வந்தது. "எங்களுக்கு வீடு கிடைச்ச பிறகுதான் அவங்களோட விருந்துன்னு அரபு நாட்டுத் தலைவருங்க எல்லாரும் சேந்து ஒருகாலத்துல சொன்னாங்க முஜீப். இப்ப விருந்து மொதல்ல வந்துடுச்சு. பாரு, பாத்திரம் கழுவுறப்பதான் எங்களக் கூப்பிடுவாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். கேட்டரிங்காரர் சிரிப்பு.

பிறகு போர் வந்தது. யூசுப்பின் கடைசிக் குரல் செய்தி, "மறுபடி இடம் மாறுறோம்" என்பதோடு நின்றது. அதற்குப் பிறகு முஜிபுர் எந்தக் குரல் செய்தி அனுப்பினாலும் ஒற்றை டிக்தான், போய்ச் சேர்ந்ததற்கான இரண்டாவது டிக் விழவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அனுப்புவார். ஒற்றை டிக். பெருநாளுக்கு அனுப்பினார். ஒற்றை டிக். ஒரு வருடத்துக்கு மேலாயிற்று.

"சார், அந்த ரெண்டு பெரிய ஆளுங்களும் பக்கத்துலதான உக்காந்திருப்பாங்க?" என்றார் முஜிபுர்.

"தோளோட தோளா."

ஒரு மனிதன் உயிரோடு இருக்கிறானா என்று விசாரித்துச் சொல்ல இவர்களை விட்டால் வேறு யாரால் முடியும்? முஜிபுர் சரி என்றார்.

மண்டப மேடையில் மணமக்கள் உட்காரும் சிம்மாசன நாற்காலிகள் மூன்று இருந்தன. அவற்றில் அதிகாரிகள் இருவரும் முருகானந்தமும் அமர்ந்தார்கள். நான்காவது, பந்தியிலிருந்து எடுத்து வந்த பிளாஸ்டிக் நாற்காலி. அதன் முன்னால் 'பாலஸ்தீனம் (சார்பாக)' என்று பெயர்ப்பலகை. பின்னால் பெரிய பிளெக்ஸில் மலைக்கோட்டைக்கு மேல் ஒரு புறா பறந்தது. ஒலிவக் கொத்து எப்படி இருக்கும் என்று தெரியாத பிளெக்ஸ் கடைக்காரர் புறாவின் வாயில் வேப்பிலையைக் கொடுத்திருந்தார். மத்தியக் கிழக்குக்கு அம்மை போட்டிருப்பதுபோல் இருந்தது.

முருகானந்தம் பேசினார்.

"சமாதானத்துல ரெண்டு வகை இருக்குங்க. சண்ட போட்டவங்க சமாதானமாகுறது ஒரு வகை. அது ரொம்பக் கஷ்டம். இந்த நிலம் யாருது, அந்த வீடு யாருது, யாரு போனா, யாரு திரும்பி வரணும்னு ஆயிரம் தொல்ல. சண்டையே போடாதவங்க சமாதானமாகுறது இன்னொரு வகை. அதுதான் உயர்ந்தது! அதுல யாரும் யாருக்கும் எதையும் திருப்பிக் குடுக்க வேண்டியதில்ல. நேரா வியாபாரத்துக்குப் போயிடலாம்!"

பலத்த கைதட்டல்.

வளைகுடா அதிகாரி ஆங்கிலத்தில் பேச, சௌம்யநாராயணன் தமிழில் முழங்கினார்: "பாலஸ்தீனச் சகோதரர்கள் எங்கள் இதயத்தில் இருக்கிறார்கள். அங்கே இடம் கொடுத்துவிட்டபடியால் வேறெங்கும் தனியாக இடம் ஒதுக்க வேண்டிய அவசியம் நேரவில்லை. இந்த நட்பினால் அவர்களுக்குப் பெரும் நன்மை விளையும். என்ன நன்மை என்பது இரண்டாம் கட்டத்தில் அறிவிக்கப்படும்."

இஸ்ரேல் அதிகாரி, கண்ணாடி போட்ட அமைதியான மனிதர். எழுந்து நின்று, தான் தண்ணீரைப் பற்றி மட்டுமே பேச வந்தவன் என்றார். "எங்கள் கருவியின் சிறப்பு, ஒவ்வொரு சொட்டும் எந்த வேருக்குப் போகிறது என்று அதற்குத் தெரியும். போகக்கூடாத வேருக்கு ஒரு சொட்டுக்கூடப் போகாது." விவசாயிகள் வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள்.

அடுத்து பொன்னாடை. பாலஸ்தீனத்துக்கு இரு தரப்பும் சேர்ந்து போர்த்தினால்தான் பொருத்தம் என்று செயலாளர் அறிவித்தார். ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை. போட்டோகிராபர் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்றார். இழுத்த இழுப்பில் பொன்னாடை ஏறி முஜிபுரின் முகத்தையே மூடிவிட்டது.

"அப்படியே இருங்க! சூப்பர்!" என்றார் போட்டோகிராபர்.

ஜரிகைத் துணிக்குள் முஜிபுருக்கு ஒன்றும் தெரியவில்லை. புது நூல் வாசனை. வெளியே கைதட்டல் எங்கேயோ தூரத்தில் ஓடு சரிவதுபோல் கேட்டது. 'இப்படித்தான் இருக்குமோ' என்று நினைத்தார். எது என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

துணியை விலக்கினார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். மனப்பாடம் செய்த வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது. முஜிபுர் திரும்பித் தன் பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தார். காலியாக இருந்தது. அவர் எழுந்து வந்ததால்தான் காலி. ஆனாலும் அவர் வருவதற்கு முன்பிருந்தே அது காலியாக இருந்ததுபோல் அவருக்குத் தோன்றியது.

அவர் அரபியில் சொன்னார்: "நான் அவன் இல்லை. நான் வேன் ஓட்டினவன். யூசுப் வரவில்லை. நீங்கள் அவனைக் கூப்பிடவில்லை. அவன் இருக்கிறானா என்றுகூட எனக்குத் தெரியாது. என்னிடம் கேட்காதீர்கள். அவனிடம் கேளுங்கள். இஸ்அலூஹு." குரல் உடைந்து, கடைசி வார்த்தையை இரண்டு முறை சொன்னார்.

மண்டபம் முழுக்க அரபி புரிந்தவர் ஒரே ஒருவர். அந்த வளைகுடா அதிகாரி குனிந்து தன் ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சௌம்யநாராயணன் மைக்கை வாங்கினார். "ஆஹா! பாலஸ்தீனப் பிரதிநிதி நெஞ்சம் நெகிழ்ந்து, 'எங்கள் கனவு நனவாயிற்று, இச்சமாதானத்தை மனப்பூர்வமாக ஏற்கிறோம்' என்று திருவாய் மலர்ந்தருளினார்!"

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. வளைகுடா அதிகாரியும் லேஸை விட்டுவிட்டு எழுந்து, எல்லோரையும்விட அதிக நேரம் தட்டினார். ஆரவாரத்துக்கு நடுவே செயலாளர், வராதவருக்கான பொன்னாடையை ஒருவர் வாங்கும்போது எப்போதும் சொல்லும் வரியைச் சொன்னார்: "பெற்றுக்கொண்டவர், உரியவரிடம் சேர்ப்பித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்."

அந்த வரியை யாரும் கேட்பதில்லை. முஜிபுர் கேட்டார்.

சாயங்காலத்துக்குள் வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. 'பாலஸ்தீனம் நெகிழ்ச்சி! திருச்சியில் மலர்ந்தது சமாதானம்!' மனைவி ஷரபுன்னிசா போனை வாங்கிப் பார்த்தாள். சிரித்த முகமாக இரண்டு பேர். நடுவில் தலையோடு கால் போர்த்திய ஓர் உருவம்.

"என்னங்க இது, போத்திவச்ச மையித்து மாதிரி இருக்கு."

"நான்தான்."

"நீங்கன்னு தெரியுது. யாரு மாதிரி இருக்குன்னு சொன்னேன்." போனைத் திருப்பிக் கொடுத்தாள். "யூசுப் அண்ணன் இதப் பாத்தா என்ன நெனப்பாரு?"

முஜிபுருக்குச் சுருக்கென்றது. உடனே ஒரு குரல் செய்தி அனுப்பினார். "யூசுப், ஒரு வீடியோ வரும். நம்பாத. உன் பேரால நான் சம்மதம் சொல்லல. சத்தியமா சொல்லல." ஒற்றை டிக். வீடியோ மட்டும் எல்லா ஊருக்கும் போய்க்கொண்டிருந்தது.

பொன்னாடையை மடித்து வீட்டுக் கூடத்து நாற்காலியின் மேல் வைத்தார்கள். ஷரபுன்னிசா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒதுங்கிப் போனாள். "யாரோ உக்காந்திருக்க மாதிரியே இருக்குங்க. சாப்பிட்டீங்களான்னு கேக்கத் தோணுது."

மறுநாள் காலை முஜிபுர் ஸ்ரீரங்கம் போனார். வடக்குச் சித்திரை வீதி வீட்டில் சௌம்யநாராயணன் திருமண் இட்டு முடித்துப் பேப்பரில் தன் படம் எத்தனை செண்டிமீட்டர் என்று ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்தார்.

"சாமி, நான் சொன்னது அது இல்ல. வீடியோவ எடுத்துடுங்க."

"அடியேன் வார்த்தையையா மொழிபெயர்த்தேன்? முகபாவத்தை மொழிபெயர்த்தேன் பாய். உம்ம கண்ணு கலங்கித்து. மேடையில கண்ணு கலங்கினா அதுக்குப் பேர் நெகிழ்ச்சி. வேற பேர் நம்ம பேரவையில கிடையாது."

"நான் வேண்டாம்னு சொன்னேன் சாமி."

"சொல்லலாம். ஆனா பேப்பர்ல வந்துடுத்தே."

முஜிபுர் எழுந்தார். செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது, மைக் குரல் அல்ல, சின்னக் குரல்.

"பாய், கடைசியில ஒரு வார்த்தை ரெண்டு தரம் சொன்னேளே. இஸ்... இஸ்அலூஹு. அது என்ன? நேத்தியிலிருந்து காதை விட்டுப் போகமாட்டேங்கறது. சந்நிதியில நிக்கறேன், அங்கேயும் கேக்கறது."

"அவன்கிட்ட கேளுங்கன்னு அர்த்தம் சாமி."

சௌம்யநாராயணன் ஸ்கேலைக் கீழே வைத்தார். பிறகு, "வீடியோ விஷயம் தலைவர் சம்மதிக்கணும்" என்றார். "அடியேன் வெறும் செயலாளர்."

வீடியோவை எடுக்க முடியாது. சரி, பொன்னாடையையாவது உரியவரிடம் சேர்த்து, நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று முஜிபுருக்குப் பட்டது. கடைக்கு வந்து அட்டைப்பெட்டி எடுத்தார். பொன்னாடையை வைத்து, கயிறு போட்டு இறுக்கினார். நான்கு பக்கமும் அரபியிலும் ஆங்கிலத்திலும் எழுதினார்: யூசுப், கான் யூனிஸ், காஸா, பாலஸ்தீனம். எலுமிச்சங்காய் எழுத்து.

கூரியர் ஆபீஸில் பவித்ரா என்ற பெண் கம்ப்யூட்டரில் தேடினாள். "பாகிஸ்தான் இருக்குண்ணா. அதுக்கப்பறம் பலாவுன்னு ஒரு தீவு இருக்கு. அப்பறம் நேரா பனாமா. நடுவுல ஒண்ணும் வரல."

"நல்லாப் பாரும்மா."

"நான் பாத்தா வராதுண்ணா, அது இருந்தாத்தான் வரும். வேணும்னா பக்கத்து நாடு போட்டு அனுப்பட்டா? இஸ்ரேல் இருக்கு."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு முஜிபுர் வெளியே வந்தார். கூரியர் இல்லாத காலத்தில் பாலக்கரை ஜனங்கள் என்ன செய்தார்கள்? அந்தப் பக்கம் போகிற ஆளிடம் கொடுத்தனுப்பினார்கள். ஊறுகாய், மாத்திரை, பிள்ளைக்குக் கொலுசு எல்லாம் அப்படித்தான் கடல் தாண்டின. முன்பின் தெரியாத ஆளின் பெட்டியில் இடம் கேட்பது வெட்கமே இல்லை, அதுதான் வழக்கம். அந்தப் பக்கம் போகிற ஆட்கள் இப்போது இரண்டு பேர் இருக்கிறார்கள். மத்தியான விமானம். முஜிபுர் ஆட்டோ பிடித்தார்.

விமான நிலைய வாசலில் வழியனுப்பு விழா நடந்துகொண்டிருந்தது. முருகானந்தம் மாலைகளோடு நின்றார்.

"அடடே, பாலஸ்தீனமே வந்துட்டாரு! இப்படி வாங்க பாய், ஒரு குரூப் போட்டோ."

முஜிபுர் நேராக வளைகுடா அதிகாரியிடம் போய்ச் சமையற்கட்டு அரபியில் சொன்னார். "உங்க ஊர்லேந்து இப்ப நேரா டெல் அவீவுக்கு பிளேன் இருக்கு. நான் பேப்பர்ல படிச்சேன். சின்னப் பெட்டிதான், கனமே இல்ல. என் சிநேகிதன்கிட்ட சேத்துடுங்க."

அதிகாரி பெட்டியின் மேல் எழுதியிருந்ததைப் படித்தார். படித்துவிட்டு, பெட்டி சுடுவதுபோல் ஒரு அடி பின்னால் போனார். "சகோதரரே, விமானம் இருப்பது உண்மை. அது டெல் அவீவ் வரைதான். அதற்கு அப்பால் இவருடைய பொறுப்பு."

முஜிபுர் அதை இஸ்ரேல் அதிகாரியிடம் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கள் நிறுவனம் தண்ணீர் மட்டும். எல்லை வேறு துறை. அது சகோதர அரபு நாடுகள் பேச வேண்டிய விஷயம்."

"இல்லை, அது உங்கள் உள்விவகாரம் என்றல்லவா ஒப்பந்தத்தில்..."

"மனிதாபிமானப் பகுதி உங்களுடையது என்றுதான்..."

ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து ஒரு சின்ன மனவருத்தம்கூட இல்லாமல் பழகிய இரண்டு பேருக்கும் நடுவில், கயிறு கட்டிய அட்டைப்பெட்டி ஒன்று தரையில் இருந்தது. அதை யார் எடுப்பது என்று தெரியவில்லை.

ஆளில்லாமல் கிடக்கும் பெட்டியைப் பார்த்துப் பாதுகாப்புப் படையினர் வந்துவிட்டார்கள். பெட்டியில் எழுதியிருந்த ஊரைப் படித்ததும் இன்னும் நான்கு பேர் வந்தார்கள். நாய் வந்தது. வட்டம் போட்டு எல்லோரையும் ஒதுக்கினார்கள். நாய் பெட்டியைச் சுற்றி மோந்து பார்த்து, குரைக்காமல், அதன் பக்கத்திலேயே முன்காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. எழுப்பினால் எழவில்லை.

கயிற்றை அறுத்துத் துணியை வெளியே எடுத்தார்கள். "இது யாருது?" என்றார் பாதுகாப்பு அதிகாரி.

"எங்களுது இல்ல," என்றார் முருகானந்தம் அவசரமாக.

பொன்னாடையின் ஓரத்தில் பேரவையின் பெயரும் முருகானந்தத்தின் தொட்டி விளம்பரமும் ஜரிகையில் நெய்திருந்தன. பாதுகாப்பு அதிகாரி அதை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"எங்களுதுதான். ஆனா குடுத்தாச்சு, சார். குடுத்த பிறகு எங்க பொறுப்பு இல்ல. நாங்க குடுக்கிறதோட சரி, அது போய்ச் சேந்துதான்னு எல்லாம் பாக்கிற பேரவை கிடையாது!" முருகானந்தம் நிறுத்தி, சுற்றிலும் பார்த்து, சும்மா இருந்த நிருபரிடம் சொன்னார்: "இத எழுதாதீங்க."

விமானத்துக்கு அழைப்பு வந்தது. முஜிபுர் ஓடிப்போய் வளைகுடா அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டார். "பெட்டி வேண்டாம் சார். ஆள் இருக்கானான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. யூசுப். கான் யூனிஸ். அது போதும்."

அதிகாரி அவர் கையைத் தன் இரண்டு கைகளாலும் பற்றினார். கேமரா பளிச்சிட்டது. "இரண்டாம் கட்டத்தில்," என்றார். கண்ணாடிக் கதவு திறந்து மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இஸ்ரேல் அதிகாரி மட்டும் ஒரு தடவை திரும்பினார். அவர் பார்த்தது முஜிபுரை அல்ல, பெட்டியை. உதடு அசைந்தது. எழுதியிருந்ததைப் படித்தார் போலும். பிறகு அவரும் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து முஜிபுர் பொன்னாடையை மறுபடி அதே நாற்காலியில் வைத்தார். ஷரபுன்னிசா தட்டை எடுத்து வைத்தாள். சோறு போட்டாள். பாதிச் சாப்பாட்டில் முருகானந்தம் போன் செய்தார்.

"பாய், கோவிச்சுக்காதீங்க. அடுத்த மாசம் ரெண்டாம் கட்டம். இன்னும் ரெண்டு நாட்டுக்காரங்க வர்றாங்க. நீங்கதான் நம்ம நிரந்தரப் பாலஸ்தீனம்னு கமிட்டியில முடிவாயிடுச்சு. இந்தத் தடவ நல்ல நாற்காலி போடச் சொல்லியிருக்கேன்."

"எனக்கு வேணாம் சார்."

"சம்மதம்னு எடுத்துக்கிறேன்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

கையைக் கழுவிவிட்டு வந்து போனை எடுத்தபோது முஜிபுருக்கு முதலில் புரியவில்லை. விழா முடிந்த மாலை அனுப்பிய குரல் செய்திக்குக் கீழே இரண்டு டிக் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாயிற்று.

"ஷரபு! ஷரபு, இங்க வா!"

அவள் ஈரக்கையோடு ஓடி வந்தாள். யூசுப்பின் பெயருக்குக் கீழே 'டைப் செய்கிறார்' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

அரபியில் வந்தது. முஜிபுர் வாய்விட்டு, ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். இந்தப் போன் எனக்கு இடிந்த கல்லுக்கு அடியில் கிடைத்தது. சார்ஜ் போட்டேன். பூட்டு இல்லை. செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன, எல்லாம் ஒரே குரல். அந்தக் குரல் நீங்கள்தானே? இதை உரியவரிடம் சேர்க்க வேண்டும். அவர் எங்கே இருக்கிறார்?"

ஷரபுன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முஜிபுர் நாற்காலியைப் பார்த்தார். மடித்து வைத்த பொன்னாடையின் மடிப்பு ஒன்று, யாரோ அசைந்து உட்கார்ந்ததுபோல், மெல்லச் சரிந்தது. அவர் போனில் தட்டத் தொடங்கினார். பெட்டி மேல் எழுதும்போது போலவே ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி, தப்பு வந்துவிடாமல்.

"அவன் பெயர் யூசுப். கான் யூனிஸ். எங்கே என்று எனக்குத் தெரியாது. நான் அவன் இல்லை. அவனுடைய பொருள் ஒன்று என்னிடமும் இருக்கிறது."